அத்தி என்று கேட்டால் அத்திதான் தருவார்கள்

பெங்களூருக்கு வந்த முதல் வருஷம், அல்சூர் வீட்டு மொட்டை மாடியில் அத்தி வளர்க்க ஆசைப்பட்டு, நர்சரியில் போய் அரைகுறைக் கன்னடத்தில் "அத்தி கிடா கொடி", அதாவது அத்திச் செடி கொடுங்கள் என்றேன். கேட்டதைத்தான் கொடுத்தார்கள். மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெரிந்தது, அது நம் ஊர் ஆற்றங்கரைகளில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி. உலர்த்தி டப்பாவில் விற்கும் பழம் சீமை அத்தி, இங்கே அதற்குப் பெயர் அஞ்சூரா. தமிழில் இரண்டையும் அத்தி என்றே சொல்லிப் பழகியதால் வந்த வினை. இலையைப் பார்த்தாலே பிரித்துவிடலாம்: சீமை அத்தி இலை விரல் விரித்த கை மாதிரி பிளந்து, தடவினால் சொரசொரப்பாக இருக்கும், நாட்டு அத்தியில் பிளவே இருக்காது.

சரி, அஞ்சூரா வாங்கியாயிற்று, இன்னும் பூக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். அத்தி பூத்தாற்போல என்று சும்மாவா சொன்னார்கள்? நாம் காய் என்று நினைப்பதன் உட்சுவரில்தான் பூக்கள் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. ஆல், அரசு, நாட்டு அத்தி எல்லாவற்றுக்கும் அததற்கென்று ஒரு குட்டிக் குளவி உண்டு, காயின் நுனித் துளை வழியே உள்ளே போய் மகரந்தம் சேர்ப்பது அதுதான். இதை எங்கோ படித்துவிட்டு "அத்திப்பழத்துக்குள் பூச்சி" என்று அஞ்சூராவையும் ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் பரவலாக வளர்க்கும் பூனா ரகம் குளவி இல்லாமலேயே காய்க்கும், பயப்படாமல் தின்னலாம். ஆனால் அணில் தின்றுவிடுமே என்று முன்னாடியே பறித்துவிட்டால் மாம்பழம் மாதிரி வீட்டில் பழுக்காது, செடியிலேயே தொய்ந்து தலை கவிழட்டும். அப்புறம், வெயிலில் வெறும் கையோடு கிளை வெட்டாதீர்கள். அந்தப் பால் பட்ட தோலில் வெயிலும் பட்டால் தீக்காயம் போலக் கொப்புளம் வரும், எனக்கு மணிக்கட்டில் தழும்பு போக ரொம்ப நாள் ஆயிற்று.

மல்பெரியில் வேறு கூத்து. ராமநகரம் பக்கம் பட்டுப்புழுவுக்கு வளர்க்கும் தோட்டத்திலிருந்து ஒரு குச்சி கொண்டுவந்து நட்டுவிட்டு, பழம் வரவில்லை என்பார்கள். அவை இலைக்காகத் தேர்ந்தெடுத்த ரகங்கள். தவிர மல்பெரியில் ஆண் பூ மட்டும் விடும் செடிகளும் உண்டு, எத்தனை உரம் போட்டாலும் அவை காய்க்காது. பழத்தைக் கண்ணால் பார்த்த செடியிலிருந்து பென்சில் தடிமனில் குச்சி எடுங்கள். பழம் புதுத்துளிரில்தான் வரும், ஆகவே வெட்ட மனம் வராதவர்களுக்குப் பழம் குறைவாகத்தான் கிடைக்கும்.

பலாக்கொட்டையைக் காய வைத்து டப்பாவில் பத்திரப்படுத்துவது இன்னொன்று. காய்ந்தால் அதன் உயிர் போய்விடும், சுளையிலிருந்து எடுத்த சூட்டில் மண்ணில் வைக்க வேண்டும். சீக்கிரம் காய் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான்.

இதெல்லாம் சின்னத் தவறுகள். பெரிய தவறு 30-க்கு 40 அடி சைட்டில் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) பக்கத்தில் ஆலோ அரசோ வைப்பது. கெங்கேரி தாண்டி இருக்கும் தொட்ட ஆலத மரத்தை (கன்னடத்தில் பெரிய ஆலமரம்) ஒருமுறை போய்ப் பாருங்கள், தாய்மரம் எப்போதோ போய்விட்டது, விழுதுகள் மட்டும் மூன்று ஏக்கர் அளவுக்கு நிற்கின்றன. பாரபெட் சுவரில் காக்கை எச்சத்தில் முளைக்கும் அரசங்கன்றையும் தலையை மட்டும் கிள்ளி விடாதீர்கள், மறுபடி தழைக்கும், வேர் அதற்குள் செங்கல்லைப் பிளக்கும். இரண்டு இலை விடும்போதே வேரோடு பிடுங்குங்கள். சாமி மரமாச்சே என்று மனசு கேட்காவிட்டால் தொட்டியில் வைத்து, இடம் உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடலாம். என் நாட்டு அத்தியும் அப்படித்தான் ஹோஸ்கோட்டையில் ஒரு நண்பரின் கிணற்றடிக்குப் போனது. போன மாதம் அடிமரத்தில் காய் பிடித்திருக்கிறதாம்.