எண்ணெய் வர்ணத்தில் தேங்காய் எண்ணெய் கலக்காதீர்கள்

மட்டக்களப்பில் எந்த வீட்டிலும் தேங்காய் எண்ணெய் இருக்கும். வர்ணத்தில் கலக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தீர்ந்துபோனால் தேங்காய் எண்ணெயையே கலக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். லின்சீட் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை. மாதக்கணக்கில் வைத்தாலும் கன்வஸ் பிசுபிசுக்கும்.

ஆனால் தூரிகை கழுவ அது அருமையானது. வர்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, தேங்காய் எண்ணெயில் குழைத்து, பிறகு சவர்க்காரம் போட்டு நுரை வெள்ளையாகும்வரை தேயுங்கள். எண்ணெய்ப் பசை மிஞ்சினால் அடுத்த ஓவியமும் காயாது. மாரி மழைக்கு ஜன்னல் சாத்திய வீட்டில், வழக்கமாகத் தூரிகை கழுவும் டர்பன்டைனின் நெடியும் குறையும்.

லின்சீட் ஊறிய துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே தனியாக விரித்துக் காயவிடுங்கள்.