மாதவிலக்கு நின்ற பிறகு: அம்மாவின் சமையலறையில் எண்ணெய்க் கணக்குப் போடுவது எப்படி?

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும், அம்மா எதைச் சாப்பிட வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். வாட்ஸப்பில் கருஞ்சீரகம், முள்சீத்தாப்பழம், வெறும் வயிற்றில் மஞ்சள் தண்ணீர் என்று வந்து குவிந்தது. எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. நானே தேடிப் படித்து, வீட்டில் செய்து பார்த்து, நிலைத்ததை மட்டும் எழுதுகிறேன்.

இந்த நோயைத் தடுக்கும் தனி உணவு எதுவும் கிடையாது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு உறுதியாகத் தெரிந்த இரண்டு விஷயங்கள்: உடல் எடை கூடுவதும் மது அருந்துவதும் ஆபத்தை ஏற்றுகின்றன. நம் வீட்டு அம்மாக்கள் பலருக்கும் மதுவின் பேச்சே இல்லை. ஆகவே எடைதான். சினைப்பை ஓய்ந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் உடல் கொழுப்பில்தான் உருவாகிறது. அங்கே இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி, ஆண்ட்ரோஜன்கள் எனப்படும் ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும். அந்த ஹார்மோனால் வளரும் கட்டிகளுக்கு அது தீனி.

படி 1: அளவு எடுங்கள்

எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு மூன்றும் போதும். ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீடு (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது) 23-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 150 செ.மீ. உயரமுள்ள அம்மாவுக்கு அது ஏறக்குறைய 52 கிலோ. இடுப்பு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் போதும். கொழுப்புச் சதவீதம் காட்டும் ஸ்மார்ட் எடைக்கருவிகளை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாலே எண் மாறுகிறது.

படி 2: எண்ணெயை மாதத்துக்கு அளங்கள்

இந்தப் படியில்தான் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் இழுபறி. ஒவ்வொரு தாளிப்புக்கும் ஸ்பூனால் அளந்து ஊற்றச் சொன்னால் எந்த அம்மாவும் கேட்க மாட்டார். அடுப்பு எரியும்போது கை பாக்கெட்டை அப்படியே சாய்க்கும். தோசைக்கல்லைச் சுற்றி விடுவது, இட்லிப் பொடியில் குழிபறித்து ஊற்றும் நல்லெண்ணெய், ரசத்துக்கு நெய் இதெல்லாம் யார் கணக்கிலும் வராது.

அதனால் கணக்கைத் திருப்பிப் போட்டேன். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 27 கிராம் எண்ணெய் என்கிறது. வயதான அம்மா அவ்வளவு சாப்பிடுவதில்லை. 20 கிராம் என்று நான் வைத்துக்கொண்டேன். அது நாலு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல். மாதத்துக்கு ஒருவருக்கு 650 மில்லி, மூன்று பேருக்கு இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நெய்யும் இதற்குள்தான்.

மாதம் பிறந்ததும் இந்த அளவை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி அடுப்பருகே வையுங்கள். மீதிப் பாக்கெட்டுகள் பரண்மேல் போகட்டும். பாதி மாதம் வரும்போது தூக்கில் பாதி இருக்கிறதா என்று அம்மாவே எட்டிப் பார்ப்பார். அப்புறம் நீங்கள் சொல்லவே வேண்டாம். அப்பளத்தைத் தானாகவே சுட ஆரம்பிப்பார்.

ஸ்ப்ரே பாட்டில் வேண்டாம். நல்லெண்ணெயில் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது.

படி 3: தட்டு

அதே வழிகாட்டி நாளுக்கு 400 கிராம் காய்கறி என்கிறது, உருளைக்கிழங்கு சேராது. சமைக்கும் முன் ஒரே ஒரு நாள் தராசில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு என்று பிடிபடும். கூட்டு, கீரை மசியல் இரண்டும் அதிக எண்ணெய் கேட்காது. பிள்ளைகள் மிச்சம் வைத்ததை "வீணாகுதே" என்று அம்மா சாப்பிடுவது தனிச் சாப்பாடு. மிச்சத்துக்கு ஒரு டப்பா எடுத்து வைத்து ஃபிரிட்ஜில் போடுங்கள்.

இதெல்லாம் பலிக்குமா?

அமெரிக்காவில் 1993-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், மாதவிலக்கு நின்ற 50 முதல் 79 வயது வரையிலான 48,835 பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு, கொழுப்பை மொத்தக் கலோரியில் 20 சதவீதமாகக் குறைத்துக் காய், பழம், தானியம் கூட்டும்படி பயிற்சி தந்தார்கள். சராசரியாக 8 ஆண்டுகள் கழித்து அந்தப் பிரிவில் மார்பகப் புற்றுநோய் 9 சதவீதம் குறைவு. ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அது உறுதியாக இல்லை. கிட்டத்தட்ட 20 ஆண்டுத் தொடர்கவனிப்பில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 21 சதவீதம் குறைவு என்று தெரியவந்தது.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அத்தனை பயிற்சிக்குப் பிறகும் அவர்களால் 20 சதவீதத்தைத் தொட முடியவில்லை. முதல் ஆண்டில் 24, ஆறாம் ஆண்டில் 29. பழக்கம் மெல்லத் திரும்பிவிடும். தூக்கை மாதாமாதம் நிரப்பச் சொல்வது அதற்காகத்தான்.

சாப்பாடு சரியாக இருக்கிறது என்று பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். மார்பில் கட்டி, காம்பில் கசிவு, தோலில் சுருக்கம் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை உண்டு.

பின்சேர்க்கை: மீல் மேக்கரில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதாமே என்று பலர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறீர்கள். மீல் மேக்கர் சோயாவில் செய்வது. சோயாவில் இருப்பது ஐசோஃபிளேவோன். அமைப்பில் ஈஸ்ட்ரோஜனை ஒத்தது, ஆனால் வலு மிகக் குறைவு. உணவாகச் சாப்பிடும் அளவில் அது ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாராளமாகக் குழம்பில் போடுங்கள். மாத்திரையாக விற்கும் சோயாச் சாறு வேண்டாம்.

இன்னொன்று: ஒரு வாசகி தன் அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது, இதையே பின்பற்றலாமா என்று கேட்டார். வேண்டாம் அம்மா. சிகிச்சையின்போது எடை குறைவதே சிக்கலாகலாம். இந்தக் கணக்கு நோய் வராதவர்களுக்கு. உங்கள் அம்மாவின் சாப்பாட்டை அவருடைய புற்றுநோய் மருத்துவரும் உணவியலாளரும் சொல்லட்டும்.