கொரோனா என்ற பெயரும் பூனை, நாய்களிடம் நாம் செய்யும் தவறுகளும்

நாய் வளர்ப்பவர்கள் அதன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். டிஸ்டம்பர், பார்வோ என்ற நாய் நோய்களின் வரிசையில் கொரோனா என்றும் இருக்கலாம். 2020இல் இதைப் படம் பிடித்து, ‘கோவிடுக்கு மருந்து எப்பவோ வந்துவிட்டது’ என்று வாட்ஸப்பில் சுற்றவிட்டவர்கள் உண்டு. அது வேறு கொரோனா. நாய்க்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் குடல் வைரஸ். அந்த ஊசி கோவிடைத் தடுக்காது, நாய்க்கும் சரி, நமக்கும் சரி.

கோவிட் பெரும்பாலும் மனிதரிடமிருந்துதான் விலங்குக்குப் போகிறது. 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குத் தொற்றி, நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் இறந்தது நினைவிருக்கும். அந்தச் சிங்கங்கள் கூண்டை விட்டு எங்கும் போகவில்லையே! பூனையின் தும்மலால் மனிதருக்கு வந்ததாகத் தாய்லாந்தில் ஒரு நிகழ்வு பதிவாகியிருக்கிறது, அது அபூர்வம். ஆகவே கோவிட் பயத்தில் பூனையைத் தெருவில் விடுவது தலைகீழான வேலை. நமக்குத் தொற்று இருந்தால் ஒதுங்க வேண்டியது நாம்தான். மடியில் வைத்துக் கொஞ்சாமல், சோறு வைப்பதை வீட்டில் வேறொருவரிடம் விட்டால் போதும்.

முகக்கவசம் மாட்டுவது, சானிடைசரால் பாதம் துடைப்பது எல்லாம் வேண்டாம். பினாயில் போட்டுக் கழுவிய தரையை ஈரம் காயுமுன் பூனை மிதித்தால், பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும். பூனைக்கு அது நஞ்சு.

அதைவிடப் பெரிய ஆபத்து பாராசிட்டமால். உடம்பு சுடுகிறதே என்று அரை மாத்திரை பொடித்துப் பாலில் கலப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜன் சுமக்க முடியாமல் போய்விடும். ஈறு நிறம் மாறும், முகம் வீங்கும். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

பூனைகளுக்கென்றும் ஒரு கொரோனா உண்டு. மலம் வழியாகப் பரவுவது. பல பூனைகள் ஒரே மணல் தட்டைப் பயன்படுத்தும் வீட்டில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வந்து போகும். மிகச் சிலவற்றில் மட்டும் அது பூனையின் உடலுக்குள்ளேயே உருமாறி, ‘எஃப்ஐபி’ என்ற கொடிய நோயாகிறது. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத காய்ச்சல், மெலிவு, சிலவற்றுக்கு வயிற்றில் மஞ்சள் நீர். இங்கேதான் மனம் பொறுக்காத தவறு நடக்கிறது. ரத்தத்தில் கொரோனா எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருக்கிறது என்ற ஒரே சோதனைச் சீட்டை வைத்து எஃப்ஐபி என்று முடிவுகட்டி, கருணைக்கொலை வரை போய்விடுகிறார்கள். அந்தச் சோதனை சொல்வது, இந்தப் பூனை என்றோ ஒருநாள் கொரோனாவைச் சந்தித்தது என்பதை மட்டும்தான். அறிகுறி, வயிற்று நீர்ச் சோதனை, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

நிஜமாகவே எஃப்ஐபி என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. 2019இல் கலிஃபோர்னியாவில் கால்நடை ஆய்வாளர் நீல்ஸ் பெடர்சன் குழு ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்ததில் 25 நீண்டகாலம் பிழைத்தன. கோவிடுக்குப் போட்ட ரெம்டெசிவிர் உடலுக்குள் மாறுவதும் இந்த மருந்தாகத்தான். இந்தச் சிகிச்சைக்கு வழக்கமான கணக்கு 84 நாள். முதல் வாரத்திலேயே காய்ச்சல் விட்டு, வயிறு வற்றி, பூனை ஓடியாடத் தொடங்கிவிடுவதால், ‘சரியாகிவிட்டதே’ என்று மருந்தை நிறுத்தத் தோன்றும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். பாதியில் விட்டால் நோய் திரும்பிவிடக்கூடும்.