பழைய கிளையன்ட்டிடம் ஃபீஸ் ஏற்றுவது எப்படி

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த கையோடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறை பிடித்துக் கணக்கு எழுத உட்கார்ந்தவன் நான். ஒரு கடைக்கு மாதம் 500 ரூபாய். 2023-லும் அதே கடைகளுக்கு அதே 500. கீழே டீக்கடைக்காரர் அதற்குள் மூன்று தடவை விலையை ஏற்றிவிட்டார், யாரிடமும் கையைப் பிசையவில்லை, பலகையில் பழைய விலையை அழித்துவிட்டுப் புதுசை எழுதினார், அவ்வளவுதான். நான்தான் ‘இத்தனை வருஷமா நம்மகிட்டயே வர்றாங்களே, எப்படிக் கேட்பது’ என்று தயங்கிக்கொண்டு, புதிதாக வந்தவரிடம் 1,500 வாங்கிக்கொண்டு, பழையவருக்கு 500-க்கே நள்ளிரவு வரை பில் அடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் டிசைனரோ, போட்டோகிராபரோ, வீட்டு பிளான் போடுகிறவரோ, இதே இடத்தில் மாட்டியிருந்தால் நான் செய்து பார்த்தது உதவலாம்.

முதல் வேலை, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கிளையன்ட்டுக்கு ஒரு பக்கம். ஒரு மாதம் முழுக்க அவர் வேலைக்காக எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதுங்கள், ‘ஒரே ஒரு டவுட்டு’ என்று வரும் போனையும் சேர்த்து. என் நோட்டில் லாரன்ஸ் ரோடு ஹார்டுவேர் கடைப் பக்கத்தில் 9 மணி நேரம் இருந்தது. மாதாமாதம் போடும் ஜி.எஸ்.டி. கணக்கான 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 20-ஆம் தேதி என்றால் அவருடைய பில்கள் 19-ஆம் தேதி ராத்திரிதான் வாட்ஸ்அப்பில் வரும், பாதி போட்டோவில் கட்டைவிரல் இருக்கும், மீதியில் தெர்மல் பேப்பர் எழுத்தே மங்கிப்போயிருக்கும். 2,000 கொடுக்கும் பாண்டிச்சேரி கெஸ்ட் ஹவுஸ் பக்கத்தில் 3 மணி நேரம்தான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதே பக்கத்தின் பின்புறம் அவருக்கு நீங்கள் மிச்சம் பிடித்துக் கொடுத்ததை எழுதுங்கள். இதைப் பலர் செய்வதே இல்லை. நம்ம ஊரில் நல்ல உதாரணம் பாண்டிச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை. அதைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33-இலிருந்து 34 ஆகிவிடும், அதாவது வேறு மாநில விற்பனை மாதிரி ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும், ஐம்பதாயிரத்துக்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் (சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை தேவையில்லை என்பதால் ‘இங்க இருக்கிற பாண்டிதானே’ என்று அனுப்பிவிடுகிறார்கள். 80,000 ரூபாய் பெயிண்ட் லோடு இ-வே பில் இல்லாமல் பிடிபட்டால் வரி 14,400, அபராதம் அதில் இரண்டு மடங்கு, 28,800. அந்த லோடை நான் ஒருமுறை கிளம்புகிற நேரத்தில் நிறுத்தினேன். ஒரே ஒரு போன். ஃபீஸ் பேசப் போகும்போது உங்கள் வாடகை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எதையும் எடுக்காதீர்கள், அது அவருடைய கவலை இல்லை. இந்தப் பின்பக்கத்தைப் பேசுங்கள்.

அப்புறம் யார் விசுவாசமான கிளையன்ட் என்று பிரித்துப் பாருங்கள். ரொம்ப நாளாக வருகிறார் என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. வேறு ஆள் தேடச் சோம்பலாகவும் இருக்கலாம், உங்கள் விலை அடிமாட்டு விலையாகவும் இருக்கலாம். நான் பார்ப்பது: கேட்காமலே பணம் வருகிறதா, பெரிதாக எதையாவது வாங்கும் முன் ஒரு வார்த்தை கேட்கிறாரா, தன் மச்சானையோ பக்கத்துக் கடைக்காரரையோ அனுப்பினாரா. அப்படி அனுப்பும்போது ‘கம்மியா வாங்குவாரு’ என்று சொல்லி அனுப்பினாரா, ‘கரெக்டா செய்வாரு’ என்று சொல்லி அனுப்பினாரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றில்லை.

கேட்கும் நேரம் முக்கியம். ஏப்ரலிலிருந்து புது ஃபீஸ் என்றால் பிப்ரவரியிலேயே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். ஆபத்து நேரத்தில் கேட்கவே கூடாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது ஒருவருடைய குடோனில் இடுப்பளவு தண்ணீர், பில் ஃபைல் எல்லாம் கூழ். என்னிடம் ஸ்கேன் இருந்தது, மொத்தமும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன், பைசா வாங்கவில்லை. அன்று கேட்டிருந்தால் தந்திருப்பார், சந்தேகமே இல்லை. ஆனால் பிறகு ஆயுசுக்கும் அதைச் சொல்லிக்காட்டியிருப்பார்.

ஹார்டுவேர் கடை முதலாளியிடம் பேசியது இப்படித்தான் போனது.

“ஏப்ரல்லேர்ந்து 1,200ண்ணே.”

“என்ன ஆடிட்டர் தம்பி, ஒரேயடியா ரெண்டு பங்குக்கு மேல ஏத்துற?” (நான் ஆடிட்டர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, கணக்கு எழுதுகிறவன் எல்லாருமே இங்கே ஆடிட்டர்தான்.)

“ஆறு வருஷமா ஏத்தலண்ணே, அது என் தப்பு. பில்லை எல்லாம் 8-ஆம் தேதிக்குள்ள குடுத்தீங்கன்னா 900 போதும்.”

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில்தான் எல்லாரும் சொதப்புவோம், மௌனம் தாங்காமல் ‘சரி, 700 குடுங்க’ என்று நாமே இறங்கி வந்துவிடுவோம். அவர் கல்லாவைத் திறந்தார், மூடினார், ஒரு ஆணி பாக்கெட்டை எடை போட்டுக் கொடுத்தார், பிறகு “8-ஆம் தேதியா, பாக்கலாம்” என்றார்.

குறைத்தே தீர வேண்டும் என்றால் வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் முறைக்கு மாறலாம், வரியை மட்டும் மாதாமாதம் கட்டினால் போதும். பழைய ஃபீஸே கட்டுபடியாகும் என்பவர்களை அப்படி மாற்றிவிட்டேன். வருடா வருடம் நூறு, இருநூறு என்று ஏற்றியிருந்தால் இந்தப் பஞ்சாயத்தே வந்திருக்காது, அது வேறு விஷயம்.

பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். என் தாளில் இருக்கும் முக்கியமான வரி: பில் 8-க்குப் பிறகு வந்து ரிட்டர்ன் தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் உங்களுடையது, என்னால் தாமதமானால் என் பையிலிருந்து. இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதியைக் கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். நான் ஒருமுறை கட்டியும் இருக்கிறேன், நாலு நாளுக்கு.

கம்பெனிகளுக்கு வேலை செய்கிறவர்கள் உத்யம் என்ற சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்துவிடுங்கள், இலவசம்தான், காசு கேட்கிற இணையதளம் எல்லாம் போலி. பதிவு இருந்தால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். இழுத்தடித்தால் சிறு தொழில்களுக்கான அரசுத் தளத்தில் புகார் தரலாம், ஆனால் அதற்குமுன் பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துப் பாருங்கள், பல கணக்குப் பிரிவுகள் அதைப் பார்த்ததுமே அசைந்து கொடுக்கின்றன. பணம் தரும்போதே வருமான வரியாக 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலர் போவார்கள். எனக்கு மூன்று பேர் போனார்கள். பாஸ்வேர்டு, ஃபைல், பழைய ரிட்டர்ன் எல்லாவற்றையும் அன்றே கொடுத்தனுப்புங்கள், பாக்கி இருக்கிறது என்று பிடித்து வைக்காதீர்கள், பாக்கியைத் தனியாகக் கேளுங்கள். அதில் ஒருவர் எட்டு மாதம் கழித்து ஒரு நோட்டீஸோடு திரும்பி வந்தார், மற்ற இருவரும் வரவில்லை, போன இடத்தில் நன்றாகத்தான் இருக்கிறார்களாம். வந்தவருக்குப் பழைய ஃபீஸ் இல்லை, புது ஆளுக்கு என்னவோ அதுதான்.

ஹார்டுவேர்காரர் இப்போது 7-ஆம் தேதியே ஒரு மஞ்சப்பையில் பில்களைப் பையனிடம் கொடுத்தனுப்புகிறார். மேலே 900 ரூபாய் ரப்பர் பேண்டு போட்டு இருக்கும். போட்டோவில் அந்தக் கட்டைவிரல் மட்டும்தான் இல்லை, தெர்மல் பேப்பர் இன்னும் மங்கலாகத்தான் வருகிறது.