கற்பிட்டிக்குச் சைக்கிளில்: ஓர் இரவுக் கூடாரம்

கொழும்பிலிருந்தே மிதிக்க வேண்டாம். நீர்கொழும்பு வரை நெரிசல்தான். சைக்கிளை வாகனத்தில் ஏற்றிப் போய், புத்தளத்துக்குச் சற்று முன்னுள்ள பாலாவிச் சந்தியில் தொடங்குங்கள். அங்கிருந்து கற்பிட்டி ஏறத்தாழ 40 கிலோமீற்றர், மேடே இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று கடுமை: போகும்போது தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். விடியுமுன் திரும்புங்கள்.

மணலில் சாதாரணக் கூடார முளை நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள். கயிறு தாழ்வாக, சாய்ந்தே இழுபட வேண்டும். நிமிர்ந்து இழுத்தால் பை மேலே கிளம்பிவிடும். வாசல் காற்றுக்கு மறுபக்கம். காணிக்காரரிடம் கேட்காமல் கூடாரம் அடிக்காதீர்கள்.

ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர், 2 மேலதிக டியூப். டயருக்குள் தங்கிய முள்ளைத் தேடி எடுக்காவிட்டால் புது டியூபும் போகும். வீடு வந்ததும் செயினை நன்னீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் விடுங்கள்.