கோலாலம்பூர் – லண்டன்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நாமே கணக்குப் போடலாம்

வயதான அம்மாவைத் தனியாக லண்டனுக்கு அனுப்பும்போது டிக்கெட்டில் உள்ள நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார், சர்க்கரை மாத்திரை எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும்.

1. தூரம்

விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் காட்டும் கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்துக்குப் போங்கள். டிக்கெட்டில் இருக்கும் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடுகள் இரண்டையும் நடுவில் ஒரு சிறு கோடு போட்டுத் தட்டுங்கள். கோலாலம்பூரின் கேஎல்ஐஏவுக்கு கே-யு-எல், லண்டனின் ஹீத்ரோவுக்கு எல்-எச்-ஆர். விடை மைலில் வந்தால் 1.609ஆல் பெருக்குங்கள், சுமார் 10,600 கிலோமீட்டர் வரும். கூகுள் எர்த் அளவுகோலும் சரியாகத்தான் காட்டும். ஆனால் விமான நிலையத்தை விரலால் தேடிப் பிடிக்க வேண்டும். எனக்கு முதல் தளமே பிடிக்கும்.

2. தோராய நேரம்

விமானம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் போகும் என்று வைத்து, தூரத்தை 850ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டுங்கள். 13 மணி நேரம் வரும். லண்டன் போகும்போது இதைவிடக் கூடுதலாகவே ஆகும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்றை எதிர்த்துப் பறக்க வேண்டும். 2022 முதல் உக்ரைன் வான்வெளி மூடியிருப்பதால் சுற்றுவழி வேறு.

3. கடிகாரம்

பலரும் தடுமாறுவது இங்கேதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் மலேசிய நேரம், இறங்கும் நேரம் லண்டன் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றை அப்படியே கழிக்கக் கூடாது. இரண்டையும் முதலில் மலேசிய நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இரவு 11:30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6:00க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்படியே கழித்தால் ஆறரை மணி நேரம்! ஜனவரியில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்னால். அங்கே காலை 6 என்றால் இங்கே பிற்பகல் 2. ஆகப் பயணம் பதினான்கரை மணி நேரம். அதே நேரங்கள் ஜூலை டிக்கெட்டில் இருந்தால் வித்தியாசம் 7 மணி நேரம்தான், பயணம் பதின்மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும் நாட்கள். அந்த வாரங்களில் டிக்கெட் என்றால் தேதியை இரண்டு முறை பாருங்கள்.

சென்னைக்குப் போவதென்றால், மலேசியாவுக்கும் அங்கேயும் வித்தியாசம் இரண்டரை மணி நேரம். நம் பெரியவர்கள் சிலர் இரண்டு என்பார்கள். 1982க்கு முன் அதுதான் சரி.

4. சரிபார்த்தல்

விமானங்களைக் கண்காணிக்கும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைப் போட்டால் அது கடந்த சில நாட்களில் உண்மையில் எவ்வளவு நேரம் பறந்தது என்று தெரியும். மாத்திரை நேரத்தை அதை வைத்தே குறித்துக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: பினாங்கிலிருந்து போகும் வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பினாங்கு–கேஎல்ஐஏ சுமார் 325 கிலோமீட்டர்தான். இதற்கு 850 கணக்கு ஒத்துவராது. விமானம் முழு வேகம் பிடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். டிக்கெட்டில் உள்ள ஒரு மணி நேரத்தையே எடுத்துக்கொண்டு, கேஎல்ஐஏவில் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள்.