ஆஸ்ட்ரோசைட்டில் மட்டும் ஜீனை இயக்க

எலியின் மூளையில் நரம்புச் செல்லான நியூரானைத் தொடாமல், அதற்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்லில் மட்டும் ஒரு ஜீன் இயங்க வேண்டுமா? முதலில் இடத்தைக் கணக்கிடுங்கள். ஜீனைச் செல்லுக்குள் கொண்டுபோகும் ஏஏவி வைரஸுக்குள் டிஎன்ஏவின் சுமார் 4,700 கார இணைகள்தான் கொள்ளும். ஜீன் எந்தச் செல்லில் இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் புரமோட்டரும் அதற்குள் அடங்க வேண்டும். ஆஸ்ட்ரோசைட்டுக்கான, 2,200 கார இணை நீளமுள்ள ஜிஎஃப்ஏபி புரமோட்டரை முழுதாக வைத்தால் கிட்டத்தட்டப் பாதி இடம் போய்விடும். அதிலிருந்து வேண்டிய துண்டுகளை மட்டும் சேர்த்து 681 கார இணைகளில் உருவாக்கியதுதான் ஜிஎஃப்ஏஏபிசி1டி. என் கை முதலில் இதற்குத்தான் போகும்.

உங்கள் ஜீனை வைப்பதற்கு முன், பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியின் ஜீனை வைத்துச் சோதியுங்கள். ஊசி போட்டு மூன்று வாரம் பொறுங்கள், அவசரப்பட்டுப் பயனில்லை. பிறகு மூளையைச் சீவி, நியூரானுக்கு நியூஎன், ஆஸ்ட்ரோசைட்டுக்கு எஸ்100பி என அடையாளப் புரதங்களுக்குச் சாயமேற்றி எண்ணுங்கள். பச்சையும் நியூஎன்னும் ஒரே செல்லில் தெரிந்தால் கசிவு, அதாவது ஜீன் நியூரானிலும் இயங்குகிறது. உடனே புரமோட்டரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் வைரஸின் அளவுதான் அதிகம். அதைக் குறைத்தும் நிற்காவிட்டால், ஜீனின் வால்பகுதியில் மிர்-124 என்ற குட்டி ஆர்என்ஏ ஒட்டும் வரிசைகளைச் சேருங்கள். நியூரானில் மிர்-124 நிறைய இருப்பதால் அங்கே உங்கள் ஜீனின் ஆர்என்ஏ அடங்கிவிடும்.

கிரே (Cre) என்ற நொதியின் ஜீனை வைப்பவர்கள் ஜிஎஃப்பி முடிவை அப்படியே நம்பக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத கசிவே அதற்குப் போதும். அந்த நொதி டிஎன்ஏவை வெட்டி ஒட்டிவிட்டால் மாற்றம் நிரந்தரம்.